மக்பெத் அட்டையின் 24 நிறங்கள்

கேமரா நிறங்களை எவ்வளவு உண்மையாகப் பதிகிறது என்று பார்க்க, இன்றைக்கும் பெரும்பாலோர் முதலில் எடுப்பது 1976இல் வெளியான ஓர் அட்டையைத்தான். மெக்கேமி, மார்கஸ், டேவிட்சன் என்ற மூவர் அதன் வடிவமைப்பை அந்த ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் விளக்கினர். கறுப்புச் சட்டத்துக்குள் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு என 24 சதுரங்கள். அமெரிக்காவின் மக்பெத் நிறுவனம் தயாரித்ததால் மக்பெத் அட்டை என்று பெயர்; கலர்செக்கர் என்றும் சொல்வார்கள். ஃபிலிமுக்காகப் பிறந்த அட்டை, ஃபிலிம் ஓய்ந்த பிறகும் அதே அமைப்பில் நிலைத்திருக்கிறது.

அதன் அருமை முதல் வரிசையிலேயே தெரிந்துவிடும். இடது ஓரத்தில் கருந்தோல், அடுத்து வெளிர்தோல், பிறகு நீலவானம், இலை, நீலப்பூ, நீலப்பச்சை. அமெரிக்க ஃபிலிம் ஆய்வகங்கள் வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்துத் தோல் நிறத்தைச் சரிபார்த்துவந்த காலத்தில், கருந்தோலை முதல் சதுரமாக வைத்தது மிகச் சரியான முடிவு.

ஆனால் நிறம் பொருந்தினால் மட்டும் போதாது. கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு பொருள்கள் வெவ்வேறு அலைநீளங்களைத் திருப்பி அனுப்பலாம். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல இருப்பவை மின்விளக்கின் கீழ் பிரிந்து நிற்கலாம். கேமராவின் வடிகட்டிகளும் கண்ணின் நிற உணர்விகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதால், கண்ணை ஏமாற்றும் சாயம் கேமராவை ஏமாற்றாமல் போகலாம். கேமராவுக்கு ஒன்றாகப்படுவது கண்ணுக்கு வேறாகவும் படலாம். எனவே அட்டையை வடிவமைத்தவர்கள் தோல், இலை, பூ ஆகியவற்றின் நிறத்தோடு நின்றுவிடாமல், அவை ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தையும் முடிந்த மட்டும் சாயத்தில் கொண்டுவந்தார்கள்.

ஐந்தாவது சதுரமான நீலப்பூ இந்த நுட்பத்தின் உச்சம். சில நீலப் பூக்கள், கண் அநேகமாகக் கவனிக்காத ஆழ்சிவப்பு ஒளியையும் நிறையத் திருப்பி அனுப்புகின்றன. கண் அதை நீலம் என்று ஏற்றுக்கொள்ளும்; ஃபிலிமின் சிவப்பு அடுக்கோ அந்த ஒளியையும் பிடித்துப் பூவை இளஞ்சிவப்பாக்கிவிடும். வெறும் நீலச் சாயம் பூசிய சதுரம் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது. இந்தச் சதுரம் காட்டும்.

இரண்டாம் வரிசை ஆரஞ்சு, ஊதா போன்ற இடைநிறங்களுக்கு. மூன்றாவதில் நீலம், பச்சை, சிவப்பு, அவற்றோடு அச்சு மைகளின் மஞ்சள், மெஜந்தா, சயான்.

கடைசி வரிசை வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஆறு படிகள். வெளிச்சத்தின் படிநிலைகளைச் சோதிக்கும் இடம் இதுதான். மன்செல் என்ற நிற முறையின் வெளிர்வு அளவில் 9.5, 8, 6.5, 5, 3.5, 2 எனப் படிக்குப் படி 1.5 குறைகிறது. கண் அவற்றைச் சம இடைவெளியாக உணரும். ஆனால் அவை திருப்பி அனுப்பும் ஒளி ஏறத்தாழ 90, 59, 36, 20, 9, 3 சதவீதம். இந்த வேறுபாட்டைக் கேமரா எப்படிக் கையாள்கிறது என்பதிலேயே நிழலும் வெளிச்சமும் படத்தில் இயல்பாக அமைவது இருக்கிறது. சாம்பல் சதுரங்கள் எல்லா அலைநீளங்களையும் ஏறக்குறைய சமமாகத் திருப்புவதால் வெண்மைச் சமநிலைக்கும் அவையே ஆதாரம்.

ஆயினும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 30க்கு 1. ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப் என்றால், இது சுமார் 5 ஸ்டாப். கேமராவின் முழு வீச்சை அளக்க இது போதாது. அதற்குப் பின்னாலிருந்து ஒளியூட்டும் ஃபிலிம் படிப்பட்டை வேண்டும். ஸ்டவுஃபர் நிறுவனத்தின் 41 படிப் பட்டை 13 ஸ்டாப்புக்கு மேல் காட்டும்.

நிறத்தைச் சோதிக்கும்போது அட்டைக்கு இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, பளபளப்பு விழாமல் படமெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சதுரத்தின் பதிவையும் அதன் மூல அளவோடு ஒப்பிட்டு, விலகலை டெல்டா ஈ என்ற எண்ணாக மென்பொருள் தருகிறது. அருகருகே வைத்துப் பார்த்தால் சுமார் 1 என்ற விலகலே கண்ணுக்குத் தட்டுப்படத் தொடங்கும். 24 சதுரங்களின் சராசரியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. மெஜந்தா கொஞ்சம் விலகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தோல் அதே அளவு பச்சைப் பக்கம் சாய்ந்தால் முகம் நோயாளி முகமாகிவிடும்.

சாயம் காலப்போக்கில் மங்கும் என்பதால் அட்டையை உறைக்குள் வைத்துக் காக்க வேண்டும். சதுரங்களில் விரல் படக் கூடாது. 2014 நவம்பரில் சாயக் கலவையும் சிறிது மாறியது. அதற்கு முந்தைய அட்டைக்குப் பழைய மூல அளவுகளையும், பிந்தையதற்குப் புதியவற்றையும் வைத்தே ஒப்பிட வேண்டும்.