பெயர் மாற்றமும் சமுதாய மாற்றமும்

ஒருவர் தமக்கெனப் புதுப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்வதைத் தனிமனித விருப்பம் என்று பலர் கருதுவர். வீண் ஆடம்பரம் என்று எள்ளி நகையாடுவாரும் உளர். ஆயின், பெயர் என்பது பிறரால் இடப்படுவது, பிறராலேயே அழைக்கப்படுவது. ஆகவே, தம் பெயரைக் கேட்கும்போது ஒருவருக்கு உண்டாகும் பெருமிதமும் கூச்சமும் அவர் வாழும் சமுதாயத்திலிருந்தே பிறக்கின்றன. தமிழரிடையே நிகழ்ந்த பெயர் மாற்றங்களை இவ்வுண்மையை மனத்திற்கொண்டே நாம் மதிப்பிடுதல் வேண்டும்.

சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்டார். 1916 இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், மறைமலை அடிகள் ஆனார். பின்னர் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறினர். தாய்மொழி தாழ்ந்தது என்னும் எண்ணத்தைத் தகர்த்த பெருமை இம்மாற்றங்களுக்கு உண்டு. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், வேதாசலமாக இருந்தபோதும் அடிகளைச் சமுதாயம் மரியாதையுடனேயே விளித்தது. பெயரின் மொழி மாறிற்று. அழைப்போரின் குரல் மாறவேண்டிய தேவை எழவில்லை.

அத்தேவை எழுந்த இடம் வேறு. சூத்திரனுடைய பெயர் இழிவை உணர்த்த வேண்டும் என்று மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கின்றது. அந்நூலின் கணக்கில் தாமே சூத்திரரான யாழ்ப்பாண வேளாளர், அதே விதியைத் தாம் ஒடுக்கிய மக்கள்மீது சுமத்தியமை வரலாற்றின் கசப்பான நகைச்சுவையாகும். நிலமுடையோன் கந்தையா; அவன் நிலத்தில் உழைப்பவன் கந்தன். அவள் வள்ளியம்மை; இவள் வள்ளி. மகனுக்குக் கந்தசாமி என்று பெயரிட விரும்பிய தந்தை, பிறப்புப் பதிவில் கந்தன் என்றே எழுதப்பட்டதைக் கண்டு வாளாவிருக்க நேர்ந்த காலமும் இருந்தது. நல்லூர் முருகனை அடியார்கள் 'கந்தன்' என்றே அழைக்கின்றனர். ஆங்கு அஃது அன்பு. வயல் வரம்பில் அதே சொல் விலங்கு. எனவே, இழிவு சொல்லில் இல்லை. சொல்பவனுக்கும் சொல்லப்படுபவனுக்கும் இடையேயுள்ள உறவில் இருக்கின்றது.

1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. மறைமலை அடிகள் சென்ற தூரத்தைக் காட்டிலும் இது நெடுந்தூரமாகும். ஆயினும், வால் உள்ளவர்க்கே அதனை அறுக்கும் பெருமை உண்டு. 'ஐயா' என்னும் ஈறே மறுக்கப்பட்டவன் எதனை அறுப்பான்? அவன் பெறவேண்டியதே இன்னும் கிடைக்கவில்லையே!

எம்மவருள்ளும் சிலர், நிலமும் கூலியும் கிடைத்துவிட்டால் பெயர் தானே திருந்தும் என்பர். இது பாதி உண்மையே. 1966 முதல் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் நுழையப் போராடியோர் தேநீருக்காக மட்டுமா போராடினர்? அனைவருக்கும் வழங்கும் குவளையையே அவர்கள் கேட்டனர். பெயரின் ஈறும் அத்தகைய குவளையே.

எமது இலக்கியம் இதற்கு இரு விடைகளை அளித்துள்ளது. சொரிமுத்து என்னும் பெயரோடு பிறந்து ஜீவானந்தமாக மாறிய பொதுவுடைமைத் தலைவரின் பெயரை, யாழ்ப்பாணத்துச் சிகையலங்காரத் தொழிலாளியான டொமினிக் தம் பெயரோடு இணைத்து டொமினிக் ஜீவா ஆனார். பெற்றோர் இட்ட பெயரை அவர் மறைக்கவுமில்லை. தோழமையால் அதனை நீட்டிக்கொண்டார். கே. டானியல் மற்றொரு வழியை மேற்கொண்டார். பிறர் இழிவாக வீசிய பொதுப்பெயரையே 1972 இல் 'பஞ்சமர்' எனத் தம் நாவலுக்குத் தலைப்பாக்கி, அதனைச் சூட்டியோர் முகத்தின்முன் நிறுத்தினார். முன்னது புதுப்பெயரைத் தேர்ந்தது. பின்னது பழம்பெயரைக் குற்றச்சாட்டாக மாற்றியது. இரண்டிலும் மாறவேண்டியவர் அழைப்பவரே என்னும் தெளிவு உண்டு.

இன்று பிள்ளைகளின் பெயர்களைக் கொண்டு சாதியை அறிதல் பெரும்பாலும் இயலாது. இதனைக் கண்டு மனநிறைவு கொள்வோர், பெயரைக் கேட்டபின் 'எந்த ஊர்? யாருடைய மகன்?' என்று தொடரும் வினாக்களையும் கவனித்தல் வேண்டும். பெயர் காட்டாததை அவ்வினாக்கள் தோண்டி எடுக்கின்றன. அவற்றைக் கேளாதிருக்கவும், தம்மிடம் கேட்கப்படின் மறுக்கவும் எமது ஆசிரியரும் மாணவரும் துணிதல் வேண்டும். வரவு இடாப்பிலுள்ள ஒவ்வொரு பெயரையும் ஒரே குரலில் அழைக்கும் வகுப்பறையிலிருந்து இப்பணி தொடங்கலாம்.