பொன்னியின் செல்வனும் அருஞ்சொற்களும்

அகராதியைப் புரட்டிச் சொல் கற்றவர் சிலர். கதையில் மூழ்கிச் சொல் கற்றவர் பலர். ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகக் காட்டுவது அகராதி. அச்சொல் எவர் வாயில், எந்த வேளையில், எந்த நோக்கத்தோடு பிறக்கிறது என்பதைக் காட்டுவது கதை. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு வெறும் ஆராய்ச்சிப் பொருள் அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். சிலர் மராத்தியோ வங்காளமோ கன்னடமோ சேர்த்துப் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்கு வீட்டு மொழி. உண்பதற்கும் உடுப்பதற்கும் உறவு கொண்டாடுவதற்கும் போதுமான சில நூறு சொற்களோடு அது நின்றுவிடுகிறது. அந்த வீட்டுத் தமிழ் அன்பின் மொழி; அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் அதை மட்டுமே துணையாகக் கொண்டு ஒரு நல்ல தமிழ் நூலின் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட இயலுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப ஒரு நாவல் எவ்வளவு தூரம் துணை செய்யும்? கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை முன்னிறுத்தி இதை ஆராய்வோம்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடர்கதையாக வெளிவந்து, ஐந்து பாகங்களாக நிறைவுற்ற பெருநூல் இது. கதை நிகழ்வது பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டில். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வாழ்வைச் சொல்லப் புகுந்த ஆசிரியருக்கு வழக்கொழிந்த சொற்கள் தேவைப்பட்டன. அவருடைய வாசகரோ வாரந்தோறும் கடையில் இதழ் வாங்கும் பொதுமக்கள். அருஞ்சொல்லை விடவும் முடியாது. அதன் பொருட்டு வாசகரை இழக்கவும் முடியாது. இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததே கல்கியின் உத்தி. அடிக்குறிப்பு இன்றி, நிகழ்ச்சியின் போக்கிலேயே சொல்லுக்குப் பொருளை விளங்க வைத்துவிடுகிறார்.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வருகிறான். அவ்வேரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று கதை கூறுகிறது. தில்லியில் படிக்கும் நம் பிள்ளை கணவாய் என்ற சொல்லைக் கேட்டிருந்தால் கைபர் கணவாய் என்றே கேட்டிருக்கும். மலைகளுக்கு இடையே உள்ள வழி என்பதே அதற்குத் தெரிந்த பொருள். கடற்கரை ஊரிலிருந்து வந்த பாட்டி வீட்டில் இருந்தால் கணவாய் என்பது ஒரு மீன். ஏரிக்கு ஏது மலை, ஏது மீன் என்று பிள்ளை மயங்கும். ஆனால் அந்தப் பக்கத்திலேயே ஏரி நிரம்பித் ததும்புகிறது. அந்த வழிகளிலிருந்து நீர் வாய்க்கால்களில் குமுகுமுவென்று பாய்கிறது. கரையை ஊடறுத்து நீர் செல்லும் வழி, இன்று நாம் மதகு என்பது, அதுவே கணவாய் என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். மலையிடை வழிக்கும் கரையிடை வழிக்கும் உள்ள ஒப்புமை அப்போது துலங்கும். ஒரு சொல்லோடு அச்சொல்லின் உள்ளுறை வடிவமும் கைக்கு வருகிறது. அந்த ஏரியே இன்று வீராணம். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் வழங்கி வருகிறது. இச்செய்தியையும் உடன் சொன்னால், சொல் பழைய ஏட்டிலிருந்து எழுந்து இன்றைய வீட்டுக் குழாய் வரை வந்துவிடும்.

அடுத்து, 'மூடுபல்லக்கு'. பல்லக்கு என்றாலே போதாதா, மூடு என்ற அடைமொழி எதற்கு என்று தோன்றலாம். பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு செல்லும் அப்பல்லக்கினுள் இருப்பவள் அவருடைய இளையராணி நந்தினி என்றே யாவரும் நம்புகின்றனர். கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில் திரை விலகும்போது வெளிவருபவனோ மதுராந்தகன். அரியணைக்கு உரிமை கோரும் ஒருவனை நாட்டின் கண்ணிலிருந்து மறைத்துக் கொண்டு செல்லும் சதி முழுவதும் அந்த 'மூடு' என்ற ஈரெழுத்தில் அடங்கியுள்ளது. சொல்லை எளிமையாக்குகிறோம் என்று அடைமொழியை நீக்கினால் கதையின் முடிச்சே தளர்ந்துவிடும். இங்கே அருஞ்சொல் அணிகலன் அன்று, அச்சாணி.

'இலச்சினை' என்பதும் அத்தகையதே. நந்தினி தரும் பனை இலச்சினை மோதிரம் இன்றேல் வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைய இயலாது. ஒரு சின்னத்தின் பின்னே ஓர் அதிகாரம் நிற்கிறது என்பதை வாயிற்காவலரின் நடத்தையிலிருந்தே வாசகர் உணர்கின்றனர். இச்சொல் மாண்டுபோனதும் அன்று. அரசு இலச்சினை என்று இன்றும் எழுதுகிறோம். கதையில் கற்ற சொல்லை நாளிதழில் மீண்டும் காணும்போது பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சி, பழைய நண்பரை வேற்றூரில் கண்ட மகிழ்ச்சியாகும்.

கோடிக்கரைக்கு வந்தால் 'கலங்கரை விளக்கம்' நம்மை எதிர்கொள்கிறது. இது சிலப்பதிகாரத்திலேயே காணப்படும் சொல். கலம் என்பது மரக்கலம். கரைதல் என்பது அழைத்தல். காக்கை கரைகிறது என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? கலங்களை 'வா' என்று அழைக்கும் விளக்கு அது. படகோட்டும் பூங்குழலியின் தந்தை அவ்விளக்கத்தைக் காப்பவர். புதைசேற்றில் அகப்பட்ட வந்தியத்தேவனை அவள் கரையேற்றுவதும், சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர் என்று சுட்டுவதும், பின்னர் சுழல்காற்றில் பாய்மரத்தைப் பற்றி மிதந்தவர்களைத் தன் படகில் ஏற்றுவதும் தொடர்ந்து வருகின்றன. படகு, மரக்கலம், பாய்மரம், சதுப்பு, புதைசேறு என்று ஒரு கடற்கரையின் சொற்கூட்டமே ஒருத்தியின் வாழ்வோடு பிணைந்து நெஞ்சில் பதிகிறது. பட்டியலிட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறக்கும் இச்சொற்கள், பூங்குழலியை நினைக்குந்தோறும் தாமே திரும்பி வரும்.

கல்கியின் எழுத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய திறனாய்வாளர் உண்டு. க. நா. சுப்ரமண்யம் போன்றோர் தொடர்கதை இலக்கியத்தை உயர்வாக மதிக்கவில்லை. முன்வாரச் செய்தியைத் திரும்பச் சொல்வது, ஆசிரியர் இடையே புகுந்து வாசகரோடு உரையாடுவது, அத்தியாய முடிவில் ஆவலைத் தூண்டி நிறுத்துவது ஆகியவை கலைக்கு ஊறு என்பது இத்தரப்பின் வாதம். கலையின் அளவுகோலால் அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் சொல் கற்கும் வாசகருக்கு அக்குறைகளே நிறைகளாகின்றன. திரும்பச் சொல்வதால் அருஞ்சொல் மீண்டும் மீண்டும் காதில் விழுகிறது. ஆசிரியர் உரையாடுவதால் ஐயம் அவ்வப்போது தெளிகிறது. ஆவல் தூண்டப்படுவதால், தெரியாத சொல்லைக் கண்டு புத்தகத்தை மூடிவிடாமல் பிள்ளை மேலே செல்கிறது. ஒரு நூலின் இலக்கியத் தகுதி ஒன்று. அது மொழிக்குச் செய்யும் தொண்டு மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையாகாது.

இந்நாவலைச் சிறுவருக்கெனச் சுருக்கி எளிமையாக்கிய பதிப்புகள் வந்துள்ளன. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வெளிவந்து, தமிழ் படிக்கத் தெரியாத இளைஞரையும் கதையின்பால் ஈர்த்தது. இவை வாயில்கள் என்ற அளவில் வரவேற்கத்தக்கவை. ஆனால் வாயிலிலேயே நின்றுவிடுதல் வீடு புகுந்ததாகாது. திரையில் பல்லக்கைக் கண் கண்டுவிடுகிறது; அதற்குப் பெயர் தேவைப்படுவதில்லை. சுருக்கத்திலோ சொல்லின் இடத்தை வேறொரு சொல் பிடித்துக்கொள்கிறது. கதை மிஞ்சுகிறது, சொல் போய்விடுகிறது. கதையை எம்மொழியிலும் அறியலாம். சொல்லை அம்மொழியில் மட்டுமே அறிய முடியும்.

குறைகளையும் கூறுதல் நம் கடன். கல்கியின் நடை வடசொற்கள் விரவியது. பிரயாணம், சந்தேகம், அபாயம், சமிக்ஞை என்பன பக்கந்தோறும் வரும். இந்தி பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவற்றுட் சில எளிதாகவே புலப்படும், சில வழுக்கிவிடும். 'அவசரம்' நமக்கு விரைவு, இந்தியிலோ வாய்ப்பு. இத்தகைய இடங்களில் பெற்றோர் உடனிருந்து விளக்குதல் வேண்டும். மேலும், இந்நாவலின் சொற்செல்வம் பெரிதும் அரண்மனையும் போரும் கடலும் சார்ந்தது. ஏர் பூட்டுவோரும் தறி நெய்வோரும் பேசும் சொற்கள் இங்கே குறைவு. புரவியும் சிவிகையும் கற்ற பிள்ளை, நுகத்தடியும் கலப்பையும் அறியாமல் இருந்துவிடலாகாது. அதற்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' போன்ற நூல்களை நாட வேண்டும். ஒரே நாவல் மொழி முழுவதையும் தந்துவிடும் என்று எவரும் எதிர்பார்த்தல் தகாது.

படிக்கும் முறை பற்றியும் சிறிது சொல்வோம். இரவு உணவுக்குப் பின் ஓர் அத்தியாயம், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது நன்று. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கும் கேட்குந் திறன் இருக்கிறது. தெரியாத சொல் வருந்தோறும் நிறுத்திப் பாடம் நடத்தினால் கதையும் கசக்கும், தமிழும் கசக்கும். அத்தியாயம் முடிந்தபின் இரண்டு சொற்கள், மிஞ்சினால் மூன்று, எடுத்துப் பேசினால் போதும். பொருள் என்னவாக இருக்கும் என்று முதலில் பிள்ளையைக் கேட்போம். அதன் ஊகத்தைச் செவிமடுப்போம். பிறகே அகராதியைத் திறப்போம். ஊகித்த பின் அறிந்த பொருள் எளிதில் மறவாது. பெற்றோருக்கே பொருள் தெரியாத சொற்கள் வருமாயின் அதில் நாணத்துக்கு இடமில்லை. சேர்ந்து தேடும் குடும்பத்தில் தமிழ் ஒருவர் மற்றவர் மீது சுமத்தும் கடமையாக இராது.

நாம் ஊரை விட்டு வந்தபோது பாத்திரம் பண்டங்களைக் கட்டி எடுத்து வந்தோம். சொற்களில் எடுத்து வந்தவை அன்றாடம் புழங்குபவை மட்டுமே. மற்றவை ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் கோயில் மதிலிலும் தங்கிவிட்டன. அவ்விடங்களுக்கு நம் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை, விடுமுறையில், விருந்தினராகவே செல்கின்றனர். ஆண்டின் எஞ்சிய நாட்களில் அங்கே சென்று வர அவர்களுக்கு உள்ள வழிகளுள் நல்ல நாவல் ஒன்று. நம் வீட்டு அலமாரிகளில் ஐந்து பாகங்களும் அட்டை கலையாமல் அழகாக அடுக்கப்பட்டிருக்கலாம். அவை கைபட்டுக் கசங்குமாயின், அதுவே அந்நூலுக்கும் நம் மொழிக்கும் நாம் செய்யும் சிறப்பாகும்.