இந்து நாகரிகமும் ரோதைமுனியும்

சமயத்தைப் போதித்தல் வேறு. சமயத்தைப் பற்றிக் கற்றல் வேறு. இவ்வேறுபாட்டினை அடித்தளமாகக் கொண்டே நினியன் ஸ்மார்ட் 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயக் கற்கைத் துறையை நிறுவினார். கோட்பாடும் புராணமும் மட்டுமன்றிக் கிரியை, ஒழுக்கம், அனுபவம், சமூக அமைப்பு என்பனவும் சமயத்தின் பரிமாணங்களே என்பது அவர் கொள்கை. இவற்றுள் எதுவும் உயர்ந்ததென முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதில்லை.

இலங்கைத் தமிழ் மாணவர்கள் இந்து நாகரிகத்தைப் பட்டப் படிப்புக்குரிய பாடமாகப் பயில்கின்றனர். பெயர் நாகரிகம் என்றிருப்பினும், நாம் கொண்டுவரும் மனப்பாங்கு சைவ வினாவிடையில் உருவானது. ஆறுமுக நாவலர் (1822-1879) மிஷனரிமாரின் கண்டனங்களை எதிர்கொண்டு, ஆகம வழிப்பட்ட சைவத்தை நிலைநிறுத்தினார். உயிர்ப்பலியையும் அதனோடு சேர்ந்த வழிபாடுகளையும் கடிந்தார். அக்காலத் தேவை அது. பேராசிரியர் கா. கைலாசநாதக் குருக்களின் ‘சைவத் திருக்கோயிற் கிரியை நெறி’ (1963) ஆகமக் கிரியைகளைத் தமிழில் விளக்கிய பெருமுயற்சி. எனினும் அந்நூலை மட்டும் கையிற் கொண்டு தேயிலைத் தோட்டமொன்றினுள் நுழையும் மாணவன், தன் முன் நிகழ்வனவற்றிற் பெரும்பகுதிக்குப் பெயரிடவும் இயலாது நிற்பான். இது நூலின் குறையன்று. அதனையே முழுமையெனக் கொள்ளும் நமது குறை.

இறம்பொடைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்தவன் என்ற முறையில் ஒன்று கூறலாம். மலையகத் தொழிலாளர் வழிபடும் தெய்வங்களுள் ரோதைமுனி ஒருவர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரமே ரோதை. சொல்லோ போர்த்துக்கேய வழிவந்தது. தேயிலை இந்நாட்டிற் பயிர்த்தொழிலானது 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் அதனைப் பயிரிட்ட பின்னரே. ஆகவே இத்தெய்வம் தமிழகத்துக் கிராமத்திலிருந்து பெயர்ந்து வந்ததன்று. இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளியின் அச்சத்திற் பிறந்தது. கவ்வாத்து வெட்டுக்கும் ஒரு சாமி உண்டு. உழைப்பிலிருந்து தெய்வம் தோன்றுவதை இவ்வளவு அண்மையில் நின்று காணும் வாய்ப்பு எத்தனை நாட்டுச் சமய ஆய்வாளருக்குக் கிட்டும்? நாமோ ‘சிறுதெய்வம்’ என்று ஒரு சொல்லால் கடந்துவிடுகிறோம். அச்சொல் அப்பர் தேவாரத்திலேயே உள்ளது. அடியாரின் வாயில் அது பக்தியின் உறுதி. ஆய்வாளனின் கட்டுரையில் அது ஆராயாது வழங்கிய தீர்ப்பு.

காமன் கூத்து இதனினும் தெளிவான சான்று. காமதகனத்தை நாம் அட்டவீரட்டங்களோடு சேர்த்துப் படிக்கிறோம். திருக்குறுக்கை என்று தலப் பெயரும் எழுதுகிறோம். அங்கே வெற்றி சிவனுடையது. மாசி மாதத்திற் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி ஆடப்படும் கூத்திலோ கூட்டம் ரதியின் பக்கம் நிற்கிறது. தூதன், வீரபத்திரன், எமன் யாவரும் வந்து போனாலும் கண்ணீர் அவளுக்கே. ஒரே புராணம், எதிரெதிரான இரு அனுபவங்கள்! தலபுராணத்தை மட்டும் பயின்றவன் இப்புராணத்தின் பாதியையே பயின்றவன் என்பேன்.

இவ்வாறு கூறுவதால் தோட்டத்துச் சமயத்தைப் போற்றிப் பாட வேண்டுமென்பதில்லை. ரதியாக ஆடுபவரும் ஆண்மகனே. சாதி வேற்றுமை கோயில் மரியாதைகளிலும் நுழைந்துள்ளது. திருவிழாவுக்கான பணத்தைச் சம்பளத்திற் பிடித்துக் கொடுக்கும் வழக்கத்தால் தோட்ட நிருவாகமும் வழிபாட்டில் ஒரு பங்காளியாகிறது. பற்றுச்சீட்டைப் பாராது இங்கு சமயத்தை ஆராய முடியாது. பூசாரியின் இடத்திற்குக் குருக்களும் மரத்தடிக் கல்லின் இடத்திற்குக் கோபுரமும் வரும் மாற்றத்தை எம். என். சீனிவாஸ் 1952இல் வெளியான குடகு பற்றிய நூலில் சமஸ்கிருதமயமாக்கம் என்றார். தோட்டத்தில் அது வெறும் மேனிலையாக்கமா, ‘கூலி’ என்று இழிக்கப்பட்டோரின் தன்மான வேட்கையா என்பது விவாதத்திற்குரியது. நான் பின்னதன் பக்கமே சாய்கிறேன்.

இறம்பொடையின் பெயரைக் கேட்டதும் வெளியூரார் நினைப்பது சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோயிலை. இராமன் படை தங்கிய இடம் என்ற பெயர் விளக்கமும் இராமாயணத் தலங்களைத் தேடிவரும் பயணிகளிடையே பரவியுள்ளது. அக்கோயிலுக்கு வழிகாட்டி நூல்கள் உள, புகைப்படங்கள் உள. ரோதைமுனிக்கு அவை இல்லை. தொழிற்சாலை மூடப்படின் அவரது பூசையும் அதனைச் செய்தவரின் நினைவும் உடன் மறையும். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்கள் ஏட்டுப் பிரதிகளோடு நின்றுவிடாது, ஒரு மாசி மாதத்தையாவது தோட்டத்திற் கழித்துக் குறிப்பெடுத்து வரலாம்.