நகரும் சுருதி

தம்புராவின் நாதத்தில் ஊறிய செவி ஜாஸ் சங்கீதத்தை முதன்முதலாகக் கேட்கும்போது அடையும் சங்கடத்துக்கு, டிரம்பட்டின் கூர்மையையும் டிரம்மின் முழக்கத்தையும் பலர் காரணம் சொல்வதுண்டு. நானறிந்த வரையில் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கச்சேரி தொடங்குமுன் நிலைநிறுத்தப்பட்டு, மங்களம் பாடி முடிக்கும் வரையில் அணுவளவும் பிசகாமல் நிற்கும் ஷட்ஜத்தை நம்பியே நாம் ராகத்தைக் கேட்கிறோம். ஜாஸிலோ நாலைந்து தாளவட்டம் செல்வதற்குள் ஆதாரமே வேறோர் இடத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது, மறுபடியும் பெயர்கிறது, பல இடங்களைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. அப்படிப் பெயரும் ஆதாரத்தைச் சுமந்து செல்பவர் டபுள் பாஸ் வாசிப்பவர். ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும் அந்த நான்கு தந்தி வாத்தியத்தை, வில்லைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு வெறும் விரலால் மீட்டி, மாத்திரைக்கு ஒரு ஸ்வரமாக அவர் நடந்துகொண்டே இருக்கிறார். ஆகையால் ஜாஸுக்கு வழி கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: டிரம்பட்டையும் சாக்ஸபோனையும் சிறிது நேரம் அவற்றின் போக்கில் விட்டுவிட்டு, பாஸின் பின்னால் போங்கள்.

இந்த யாத்திரைக்கு முதல் இசைத்தட்டாக மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைத் தவிர வேறொன்றைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஊரெல்லாம் புகழ்வதைத் தானும் புகழ்வது ரசிகனுக்குச் சற்றுக் கூச்சம் தரும் காரியமே ஆயினும், இந்த விஷயத்தில் ஊரார் தீர்ப்பு சரியான தீர்ப்பு. 1959ஆம் வருஷம் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே தினங்களில், நியூயார்க் முப்பதாவது தெருவில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்து பின்னர் கொலம்பியா கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கட்டடத்தில் பதிவான ஐந்து உருப்படிகள் அதில் உள்ளன. முதலாவதான ‘ஸோ வாட்’டில் ஒரு சுற்று என்பது நான்கு மாத்திரை கொண்ட 32 வட்டங்கள், அவற்றில் முதல் 16 வட்டங்களும் ஒரே ஸ்வர வரிசையில் நிற்கின்றன, அதுவும் நம் கரகரப்ரியாவின் ஸ்வரஸ்தானங்கள் கொண்ட வரிசை. அடுத்த 8 வட்டங்களுக்கு அதே வரிசை அரை ஸ்வரம் மேலே ஏறி, கடைசி 8 வட்டங்களுக்குப் பழையபடி இறங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய ஜாஸ் வித்வான்கள் வட்டத்துக்கு ஒரு தரமும் இரு தரமும் ஆதாரத்தைப் பெயர்த்து, அந்த வேகத்திலேயே கற்பனை செய்து காட்டுவதில் பெருமை கொண்டிருந்தார்கள். மைல்ஸ் அந்த ஓட்டத்தை நிறுத்தி, ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்க இடம் உண்டாக்கினார். நம்மவர் காது முதல் கேள்வியிலேயே அங்கே நிம்மதியாக அமர்ந்துவிடுவதில் ஆச்சரியம் என்ன?

தொடக்கத்தைக் கவனியுங்கள். பில் எவன்ஸின் பியானோவும் பால் சேம்பர்ஸின் பாஸும் தாளக்கட்டு இல்லாமல், எதையோ தேடுபவர்கள்போலச் சில கணங்கள் தயங்கியபின், வேறெங்கும் துணைக்கு நிற்க வேண்டிய பாஸ் தானே பல்லவியை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வியைப் போடுகிறது. பியானோ இரண்டே அடியில் பதில் சொல்கிறது. கேள்வி மறுபடி வருகிறது, பதிலும் அதே இரண்டு அடிதான். சற்றைக்கெல்லாம் டிரம்பட்டும் இரண்டு சாக்ஸபோன்களும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்கின்றன. பல்லவி முடிந்து மைல்ஸின் தனி ஆவர்த்தனம் பிறக்கும் தறுவாயில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிக்கிறார். அது இடத்துக்குக் கொஞ்சம் அதிகமான பலத்தோடு விழுந்து, டிரம்பட் பேசத் தொடங்கிய பிறகும் நெடுநேரம் கார்வையாக நிற்கிறது. அந்தக் கார்வைக்கு அடியில் சேம்பர்ஸ் நடக்கத் தொடங்குகிறார். அப்போது அவருக்கு வயது 23. இரண்டாம் நாள் பதிவு நடந்ததோ அவருடைய இருபத்து நான்காம் பிறந்த நாளில். சுருதி விஷயத்தில் நுட்பமுள்ள ரசிகர்களுக்கு ஒரு வேடிக்கை: முதல் நாள் பதிவின்போது நாடா யந்திரம் சற்று மெதுவாக ஓடியபடியால், அன்றைய மூன்று உருப்படிகளும் இசைத்தட்டில் ஒரு நூலளவு சுருதி கூடியே ஒலித்தன; 1992இல்தான் வேறொரு நாடாவைக் கொண்டு திருத்தினார்கள்.

பாஸுக்கு இந்த மரியாதை எளிதில் கிட்டிவிடவில்லை. புனல் வைத்து ஒலியைப் பிடித்த ஆதிகால யந்திரங்களுக்கு அதன் மெல்லிய கம்பீரம் எட்டாதாகையால், அந்த ஸ்தானத்தில் பெரும்பாலும் டியூபா என்னும் பித்தளைக் குழலையே உட்கார வைத்தார்கள். மின்சாரப் பதிவு வந்த பிறகும் பாஸ்காரர் பின்வரிசையில் தாளம் காப்பவராகவே இருந்தார். 1939இல் டியூக் எல்லிங்டன் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞரைக் கண்டெடுத்துத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டதும் நிலைமை மாறிற்று. மறு வருஷம் பதிவான ‘ஜாக் தி பேர்’ என்ற தட்டில், பதினைந்து பேர் கொண்ட வாத்தியக் குழுவை நிறுத்தி வைத்துவிட்டு பாஸ் பேசுகிறது; குதித்தும், வழுக்கியும், வாக்கியத்தின் பாதியில் மூச்சு வாங்கியும் பேசுகிறது. 1942இல் க்ஷயரோகத்தால் பிளாண்டன் மறைந்தபோது அவருக்கு வயது 23தான். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு பாஸ் வித்வானும் அவருக்குக் கடன்பட்டவர்.

சார்லஸ் மிங்கஸ் அந்தக் கடனை வட்டியோடு தீர்த்தவர். 1959 மே மாதத்தில், மைல்ஸின் குழு வாசித்த அதே கூடத்தில் பதிவான ‘மிங்கஸ் ஆ அம்’ என்ற தட்டில், பாஸ்காரரே குழுவின் தலைவர், உருப்படிகளை இயற்றியவரும் அவரே. மாதாகோவில் ஜெபக் கூட்டத்தின் கைத்தட்டலும் கூவலும் அதில் கேட்கும். அவ்வருஷம் மார்ச்சில் காலமான சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கின் தொப்பியைத் தலைப்பில் வைத்து அவர் இயற்றிய இரங்கல் உருப்படியைப் போன்ற சோகம் ஜாஸில் அபூர்வம். அதே தட்டில் ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ என்று ஒரு கேலிச் சித்திரமும் உண்டு. 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்கூடத்துக்குள் ஒன்பது நீக்ரோ மாணவர்களை நுழையவிடாமல் தடுக்கப் பட்டாளத்தை நிறுத்திய அர்க்கன்ஸா கவர்னரைப் பற்றியது அது. சாகித்தியம் இல்லாமல் வாத்தியம் மட்டுமே கொலம்பியா தட்டில் வந்தது. வசைச் சொற்களோடு அதைக் கேட்க ரசிகர்கள் மிங்கஸ் வேறொரு சிறிய கம்பெனிக்கு 1960இல் வாசிக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சொற்களின்றி, மதயானைபோல அசைந்து வரும் அந்த முதல் பதிவே அதிகம் குத்துகிறது என்பது என் கட்சி.

அதே கூடத்தில் அதே வருஷம் பிறந்த டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’டை இங்கே சொல்லாமல் போனால் குறை சொல்வார்கள். அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’வின் ஐந்து மாத்திரைக் கணக்கைக் கண்டு மேல்நாட்டார் வியந்தது நியாயமே, கண்ட நடையில் பழகியவர்களுக்கு அது அவ்வளவு பெரிய அதிசயம் ஆகாது. ஆனால் அந்தக் குழுவின் பாஸ்காரர் யூஜின் ரைட் நீக்ரோ என்பதற்காக அவரை விலக்கிவிட்டு வரும்படி தென்மாநிலக் கல்லூரிகள் பல நிபந்தனை விதித்தபோது, புரூபெக் அந்தக் கச்சேரிகளையே உதறினார். அதற்காக அந்தத் தட்டை அவ்வப்போது போட்டுக் கேட்பேன்.

எனக்கு மிகவும் நெருக்கமான தட்டு ‘ஸண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்’. நியூயார்க்கில் பூமிக்கடியில் உள்ள அந்தச் சிறிய விடுதியில் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பில் எவன்ஸ், பாஸில் ஸ்காட் லஃபேரோ, டிரம்மில் பால் மோஷியன் ஆகிய மூவரும் பகலும் இரவுமாக ஐந்து முறை வாசித்தார்கள். லஃபேரோ நடப்பதில்லை. ஒற்றை ஸ்வரத்தை விட்டுவிட்டு மௌனமாகிறார். பியானோ ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்திய இடைவெளியில் மேல் ஸ்தாயியிலிருந்து ஒரு பிர்காவை உதிர்க்கிறார். பியானோவுக்குப் பக்கவாத்தியமாக வந்தவர் சரிசமமாகச் சம்பாஷிக்கிறார், மோஷியனோ தூரிகை போன்ற கம்பிக் கற்றைகளால் டிரம்மை வருடிக்கொண்டே இருவரையும் நெருக்காமல் விலகி நிற்கிறார். அடியில் யாரும் எண்ணிக் காட்டாவிட்டாலும் தாளம் ஓரிடத்திலும் நழுவுவதில்லை. இத்தனைக்கும் நடுவே கண்ணாடிக் கோப்பைகள் மோதுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், வம்பளக்கிறார்கள். அந்த மேஜைக்காரர்களை நான் வெகு காலம் மனத்துக்குள் சபித்ததுண்டு. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, லஃபேரோ மோட்டார் விபத்தில் மாண்டார், வயது 25. அதன்பின் பல மாதங்கள் எவன்ஸ் கச்சேரி செய்யவில்லை. லஃபேரோவே இயற்றிய இரண்டு உருப்படிகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்துத் தட்டை வெளியிட்டார்கள்.

ஜான் கோல்ட்ரேனிடம் வரும்போது ஆதாரம் மறுபடி ஓரிடத்தில் நிலைக்க முயல்வதைக் காண்கிறோம். ரவிசங்கரிடம் பெருமதிப்புக் கொண்டு தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர் அவர். 1961 நவம்பரில் வான்கார்டில் வாசித்த ‘இந்தியா’வில் இரண்டு பாஸ்களை வைத்துக்கொண்டு தம்புராவின் ஸ்தானத்தையே நிரப்பப் பார்த்தார். 1964 டிசம்பர் 9இல் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ அந்த முயற்சியின் சிகரம். ஜிம்மி கேரிஸனின் பாஸ் நான்கே ஸ்வரங்களை ஜபம்போலத் திருப்பித் திருப்பிச் சொல்ல, சாக்ஸபோன் அந்த நான்கையும் சுருதி சுருதியாக மாற்றி எங்கெங்கோ கொண்டுபோய், முடிவில் மனிதக் குரலே அதை ஓதுகிறது. இறுதிப் பகுதியில் கோல்ட்ரேன் தாம் எழுதிய பிரார்த்தனையை அசை அசையாகச் சாக்ஸபோனிலேயே வாசிக்கிறார். சாகித்தியம் மனத்தில் ஓடாமல் கீர்த்தனை வாசிக்கலாகாது என்று சொல்லும் நம் நாயனக்காரர்களுக்கு இது புரியும்.

அதற்கடுத்த வருஷம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஏறக்குறைய நாற்பது நிமிஷம் அவர் வாசித்த ‘அஸென்ஷன்’ தட்டிலும் இரண்டு பாஸ்கள் இருக்கின்றன. ஐந்து சாக்ஸபோன்களும் இரண்டு டிரம்பட்டுகளும் ஒரே சமயத்தில் முழங்கும் அந்தச் சூறாவளியில் அவை எங்கே நிற்கின்றன என்று எத்தனை முறை தேடியும் எனக்கு அகப்படவில்லை. அகப்படுகிறது என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை, வீட்டுக்கு வந்தால் தட்டை எடுத்துக் கையில் கொடுத்து, ஒருமுறை இடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.