திங்கள்தோறும் வரும் திரைப்படங்களும் திறனாய்வின் கடமையும்

தமிழில் இன்று ஆண்டொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் அரங்குகளுக்கு வருகின்றன. திங்கள் ஒன்றுக்குப் பதினைந்துக்குக் குறையாத புதுப்படங்கள் என்பது இதன் பொருள். ஒரு மொழியின் கலைஞர்கள் ஓயாது உழைக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், சென்ற ஆண்டு இதே திங்களில் வெளிவந்த படங்களுள் ஐந்தின் பெயரைச் சொல்லுமாறு கேட்டால், படம் பார்ப்பதில் பேரார்வம் கொண்டவரும் சற்றே விழிப்பார். வந்தவை பல, நின்றவை சில. நின்றவை யாவும் நிற்கத் தக்கவையா, போனவை யாவும் போகத் தக்கவையா என்று ஆராய்வார் மிக அரியர். அந்த ஆராய்ச்சி யாருடைய பொறுப்பு என்பதே இக்கட்டுரை எழுப்ப விழையும் வினா.

பழந்தமிழ் மரபில் புதிதாகப் பிறந்த நூல் அவையில் அரங்கேறியது. சேக்கிழாரின் பெரியபுராணம் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டுக் காலம் தில்லைத் திருநகரில் அரங்கேறியது என்பது வழிவழியாக வரும் செய்தி. வரலாற்று நோக்கில் அதனை எவ்வாறு கொள்ளினும், அதனுள் பொதிந்துள்ள கருத்து சிந்திக்கத் தக்கது. புதிய படைப்புக்கு அவை காலம் கொடுத்தது, பொறுமையாகக் கேட்டது, ஐயம் எழுப்பியது, அதன் பின்னரே தன் முடிவைச் சொன்னது. இன்றைய திரைப்படத்தின் அரங்கேற்றமோ வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை இரவோடு முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதை நம் முந்தைய தலைமுறையினர் வியப்போடு சொல்வர். அதைச் சொல்லி அந்தக் காலமே பொற்காலம் என்று பெருமூச்சு விடுவது என் கருத்தன்று. போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. படங்களின் நீளத்துக்கு அரசு எல்லை வகுத்தது. புதுப்படங்கள் அருகியே வந்தன. 'ஹரிதாஸ்' நீடித்து ஓடியதற்குப் பாகவதரின் குரல் எவ்வளவு காரணமோ, வேறு படம் குறைவாக இருந்ததும் அவ்வளவு காரணம். எனினும் அக்காலத்து வணிக முறையில் ஒரு நன்மை இருந்தது. ஒரு படத்துக்குச் சில பிரதிகளே எடுக்கப்பட்டன. அவை பெருநகரில் ஓடி, சிறு நகருக்குச் சென்று, கடைசியில் சிற்றூரின் டூரிங் கொட்டகையை அடைந்தன. படம் மெதுவாகப் பயணம் செய்தது. அதைப் பற்றிய பேச்சு அதற்கு முன்னால் நடந்து சென்றது. சென்னையில் சோர்ந்த படம் மதுரையில் நிமிர்வதற்கு இடமிருந்தது.

இன்று பிலிம் சுருளே இல்லை. படம் மின்னணு வடிவில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளை அடைகிறது. முதல் வார வசூலில்தான் படத்தை வாங்கியவரின் பங்கு மிகுதி; நாள் செல்லச் செல்ல அது தேய்கிறது. நான்கு வாரங்களில் படம் இணையத்திரைக்குச் சென்றுவிடும் என்பது பெரும்பாலும் முன்பே ஒப்பந்தமான செய்தி. அடுத்த வெள்ளியன்று வரவேண்டிய ஐந்தாறு படங்கள் வாயிலில் காத்து நிற்கின்றன. ஆகவே மூன்று நாளில் இருக்கைகளை நிரப்பாத படத்தை வைத்திருக்க அரங்க உரிமையாளருக்குக் காரணமில்லை. அவரை நோவதில் பயனுமில்லை. கலையின் காலமும் வணிகத்தின் காலமும் வேறு வேறு என்பதே இதன் அடிப்படை.

இரண்டும் மாறுபடும்போது நேர்வது என்ன என்பதற்குச் சில சான்றுகள் காண்போம். 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்தது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை, கதைத்தலைவன் முதற்காட்சியிலேயே சுடப்பட்டு வீழ்கிறான். அவன் நாட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்பது, ஒவ்வொருவரும் சொல்லும் கதை வழியே மெல்ல மெல்ல விளங்குகிறது. பாட்டுக்காகவே படம் பார்த்துப் பழகியவர்களுக்கு அன்று அது கசந்தது. வசூல் ஏமாற்றம் அளித்தது. இன்றோ தமிழ்த் திரையின் வரலாற்றை எழுதும் எவரும் அப்படத்தைத் தொடாமல் செல்ல இயலாது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' மற்றொரு சான்று. அரங்கில் தோற்ற அப்படத்தைத் தொலைக்காட்சி வழியே வீட்டுக்கூடங்கள் மெல்ல மெல்லத் தமதாக்கிக் கொண்டன.

வங்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. அதில் தமிழர் ஒருவரின் பெயரும் கலந்திருக்கிறது. 1955இல் கல்கத்தாவில் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்குத் தொடக்க நாள்களில் கூட்டம் சேரவில்லை. பார்த்தவர் சொல்லக் கேட்டுப் பிறர் வந்தனர். அரங்கு நிறையத் தொடங்கியது. நிறைந்த நிலையிலேயே படம் வெளியேற நேர்ந்தது. அந்த அரங்கு, ஜெமினி எஸ். எஸ். வாசனின் 'இன்சானியத்' என்ற இந்திப் படத்துக்கு முன்பே ஒப்பந்தமாகியிருந்ததுதான் காரணம். வாசன் மீது குற்றமில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களும் கிடைக்காமல், இன்று போல் மூன்றே நாளில் அது அகற்றப்பட்டிருக்குமாயின், கல்கத்தாவின் மக்கள் தம் படத்தைத் தாமே கண்டுகொள்ளும் வாய்ப்பை இழந்திருப்பர்.

இனித் திறனாய்வுக்கு வருவோம். இன்று விமரிசனத்துக்குப் பஞ்சமில்லை; அரங்கின் படிக்கட்டிலேயே அது பிறந்துவிடுகிறது. படம் முடிந்து வெளியே வருபவரின் முன் கைப்பேசி நீள்கிறது, "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை வருகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளிவந்தபோது இது பெரும் பூசலாயிற்று. அரங்க வளாகத்தில் விமரிசனம் பதிவு செய்வதைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு கோரியது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. கருத்துரிமைக்குத் தடையா என்று ஒரு சாரார் சினந்தனர். பல கோடி முதலீட்டை ஒரு நாளில் சிதைப்பதா என்று மறு சாரார் வெகுண்டனர். இரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்த கருத்தினர் என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. விமரிசனம் என்பது சீட்டு விற்பதற்கோ விற்காமல் தடுப்பதற்கோ உள்ள கருவி என்பதே அந்த ஒருமித்த கருத்து. நோயின் வேர் அங்கேதான் உள்ளது என்பது என் துணிபு.

ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டு 23 அன்று இரண்டு தமிழ்ப் படங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'; மற்றது பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. முன்னது, பள்ளி விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன் ஒருவனின் கதை. இயக்குநர் தம் இளமையில் கண்ட ஒரு பெருந்துயரை அதில் வைத்திருக்கிறார். முதற்பாதியில் சிரிப்பும் பள்ளி ஆசிரியை மீதான சிறுவனின் வெள்ளை அன்பும். முடிவில் நெஞ்சை அறுக்கும் சாவும் பசியும். மக்கள் அழுதனர், படம் ஓடியது. அது தகுதியான வெற்றியே.

'கொட்டுக்காளி'யோ அழுவதற்கு இடமே தரவில்லை. வேறு சாதி இளைஞனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதாக எண்ணி, அவளை மணக்கவிருக்கும் முறைமாப்பிள்ளையும் உறவினரும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டு செல்கிறார்கள். கதை அவ்வளவே. பின்னணி இசை அறவே இல்லை. காற்றும், வண்டியின் இரைச்சலும், பலிக்குக் கொண்டு செல்லும் சேவலின் சிறகடிப்புமே இசை. பெண் ஏறத்தாழப் பேசுவதேயில்லை. அவளைச் சுற்றியுள்ள ஆண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. அத்தனை ஆண்களும் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை எளிதாக அழைத்துச் செல்கிறாள். அந்த ஒரு காட்சி, நூறு பக்க உரையாடல் செய்ய இயலாததைச் செய்துவிடுகிறது. முடிவில் மாப்பிள்ளை, சாமியாடியின் முன் வேறொரு பெண் படும் பாட்டைக் காண்கிறான். அவன் மனம் மாறினானா என்பதைச் சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது.

அப்படி நின்றதுதான் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. 'முடிவு எங்கே?' என்று படிக்கட்டில் நின்றவர்கள் கேட்டனர். இத்தகைய படத்தை அரங்குக்கே கொண்டு வந்திருக்கக் கூடாது என்ற குரல் திரைத்துறையினரிடையிலும் எழுந்தது. நான் மாறுபடுகிறேன். அரங்கின் இருளில், கைப்பேசியை வைத்துவிட்டு, முன்பின் அறியாத மனிதர்களோடு அமர்ந்து அந்த மௌனத்தைத் தாங்குவதே அப்படம் நம்மிடம் கேட்கும் உழைப்பு. வீட்டில் அந்த மௌனம், சமையலறையின் குக்கர் ஒலியில் கரைந்துவிடும். முடிவைச் சொல்லாததும் குறையன்று. முடிவெடுக்க வேண்டியவன் படத்தில் உள்ள மாப்பிள்ளை மட்டுமல்லன் என்பதே அதன் பொருள். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் கட்டுரைகள் வருவதற்குள் படம் அரங்கை விட்டுப் போய்விட்டது. கட்டுரைகள் காலந்தாழ்த்தின என்று நான் குறை கூறவில்லை. கட்டுரைக்கு உரிய காலம் அதுவே. அரங்கின் காலமே குறுகிவிட்டது.

அப்படியானால் போன படத்தைப் பற்றி எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். அதன் பிரதி ஒன்றும் இன்று இல்லை. ஆயினும் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினான் என்பதையும், கதைக்குத் தொடர்பில்லாத தேசியப் பாடல்கள் அதில் இடம்பெற்றன என்பதையும் நாம் அறிவோம். எவ்வாறு அறிவோம்? அன்றைய ஏடுகளின் குறிப்புகளும், விளம்பரங்களும், மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களும் எஞ்சியதால் அறிவோம். பிலிம் அழிந்தது, தாள் பிழைத்தது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதே 1964இல்தான். அதற்கு முன் மறைந்தவை எத்தனையோ! இன்று எல்லாம் இணையத்தில் உள்ளதே என்று நாம் அமைதி கொள்கிறோம். உரிமக் காலம் முடிந்தால் இணையத்திரையிலிருந்தும் படம் ஒரே நாளில் மறையும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குப் பழக்கமான உவமை ஒன்று உண்டு. எங்களுக்கு வரும் கடிதம் சிறிதாயினும் பெரிதாயினும் முதலில் வரவுப் பதிவேட்டில் ஏறும். அதன் மீது எடுக்கும் முடிவு பிந்தியது; சில வேளை தவறாகவும் இருக்கும். பதிவு இருந்தால் முடிவைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். பதிவே இல்லையெனில் திருத்துவதற்கு எதுவும் எஞ்சாது. திரைத் திறனாய்வின் முதற்கடமை இந்தப் பதிவே என்பேன். நன்று, தீது என்ற தீர்ப்புக்கு முன், திரையில் கண்டது என்ன, கேட்டது என்ன, அருகில் இருந்தோர் எங்கே சிரித்தனர், எங்கே அமைதியாயினர் என்பதை எழுதுக. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதிகள் இன்றும் சுவைப்பது, அவருடைய தீர்ப்புகள் எல்லாம் சரியாக இருந்ததால் அன்று. ஒரு காலத்தின் அரங்கும் அவையும் அவற்றில் உயிரோடு இருப்பதால்தான்.

தலைநகரில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இங்குப் புதுத் தமிழ்ப் படம் சில அரங்குகளில், சில காட்சிகளாகவே வருகிறது. வணிக விதிகளின் இழுபறியும் இடையே புகும். 2023இல் 'லியோ' படத்தின் இந்தி வடிவம், இணையத்திரை இடைவெளி பற்றிய உடன்பாடின்மையால் நாடு தழுவிய பெரும் அரங்கத் தொடர்களில் திரையிடப்படவில்லை. முதல்நாள் ஆரவாரத்துக்குத் தொலைவில் இருப்பது நமக்கு ஒரு குறையாகத் தோன்றலாம். திறனாய்வுக்கு அதுவே துணை. மெதுவாகப் பார்க்கவும், பிந்தி எழுதவும் நமக்கு வசதி இருக்கிறது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மூன்று திங்களுக்கு ஒரு முறை, அரங்கை விட்டுப் போய்விட்ட தமிழ்ப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பார்த்தவர்கள் கூடிப் பேசுவோமாக. பேசியதை எழுதி வைப்போமாக. ஓராண்டில் நான்கு படங்கள்; பத்தாண்டில் நாற்பது. வெளிவரும் படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது கையளவே. எனினும் அந்நாற்பதுள் ஒன்று, நாம் எழுதியதால் பிற்காலத்தார் தேடிச் சென்று காணும் படமாக அமையுமாயின், ஓராண்டுக் காலம் அமர்ந்து கேட்ட அந்தப் பழைய அவையின் வழிவந்தவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சிறிது உரிமை கிடைக்கும்.