பட்டம் யார் பேரில்?

பதினொன்றாம் வகுப்பில் நான் தேர்ட் குரூப் எடுத்தபோது, பக்கத்து வீட்டு மாமா கேட்ட முதல் கேள்வி: ‘ஏம்ப்பா, மார்க் போச்சா?’

மார்க் போகவில்லை. அக்கவுன்டன்ஸி படிக்க ஆசை, அவ்வளவுதான். அவர் கடைசிவரை நம்பவே இல்லை. மார்க் இருக்கிறவன் ஃபர்ஸ்ட் குரூப், இல்லாதவன் காமர்ஸ். நெற்றியில் எழுதி ஒட்டியாச்சு!

அப்படிப்பட்ட எனக்கு ஷங்கரின் ‘நண்பன்’ (2012) ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். ராஜ்குமார் ஹிரானி 2009-ல் இந்தியில் எடுத்த ‘3 இடியட்ஸ்’ படத்தின் தமிழ் வடிவம். பிள்ளை பிறந்ததுமே இன்ஜினீயர் என்று முடிவுகட்டும் அப்பாக்களை ஒரு பிடி பிடிக்கிற படம். சமீபத்தில் மறுபடி பார்த்தேன். சிரித்தேன். முடிந்ததும் ஏதோ நெருடியது.

ஸ்ரீகாந்துக்கு காட்டு விலங்குகளை போட்டோ எடுக்க ஆசை. அப்பாவிடம் மனசுவிட்டுப் பேசி சம்மதம் வாங்கிவிடுகிறார். சந்தோஷம். ஆனால், ஜீவா? வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, கல்யாணத்துக்கு நிற்கும் சகோதரி. சாமியைக் கும்பிட்டுக் கும்பிட்டே பரீட்சைக்குப் போகிறார். பயத்தை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது படம். எப்படி சார் விடுவது? அவர் வாங்கப்போகும் சம்பளத்தில்தானே மொத்தக் குடும்பமும் கரையேற வேண்டும்! அது கோழைத்தனம் இல்லை, கணக்கு.

விஜய் கதை இன்னும் விசேஷம். படிப்பென்றால் உயிரை விடுகிற அந்த ஏழைப் பையன், ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையின் பெயரில்தான் காலேஜுக்குள் நுழையவே முடிகிறது. படித்தது இவர், பட்டம் அந்த வீட்டுக்கு. எவ்வளவு பெரிய அநியாயம்! படமோ அதை ஒரு ட்விஸ்ட்டாக மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. கடைசியில் அவரைப் பெரிய விஞ்ஞானியாக்கி, பட்டமா முக்கியம், அறிவுதானே முக்கியம் என்று நம்மைத் தேற்றுகிறது.

பட்டம் கையில் இருக்கிறவன் அப்படிச் சொல்லலாம். நம் ஊரில் ‘முதல் பட்டதாரி’ என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில் இன்ஜினீயரிங் சேருகிற பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் வரும் அந்த பி.இ., சாதியையும் தெருவையும் தாண்டி அவன் குடும்பத்துக்குக் கிடைக்கிற புது அடையாளம். அதை வெறும் மந்தைப் புத்தி என்று கிண்டலடிப்பதும் ஒரு முத்திரைதான்.

பிடித்ததைப் படி என்று பிள்ளைகளிடம் சொல்வோம், தப்பில்லை. கூடவே, தோற்றால் யார் தாங்குவார்கள் என்பதையும் யோசிப்போம். நான் காமர்ஸ் எடுத்தபோது, அப்பாவுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அதைத்தான் என் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!