முகப்புக்கு மானியம், கூரைக்கு?

பழைய வீட்டை இடிக்காமல் காப்பவருக்கு உள்ளாட்சி பணம் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் இதை நம் பக்கத்தில் செய்து பார்த்த புதுச்சேரியின் அனுபவத்தை எடை போடாமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஏஷியா அர்ப்ஸ்’ நிதியில், புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பும் வைசியாள் வீதியைக் கையில் எடுத்தன. திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகள் அவை. முகப்பைப் புதுப்பிக்கும் செலவில் பாதி மானியம், பாதி வீட்டுக்காரருடையது. 2008இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இத்திட்டத்தின் பலமே அந்தப் பாதிதான். கைக்காசு போட்டவர் கொத்தனார் பக்கத்திலேயே நின்று வேலை வாங்குவார்.

குறை, மானியம் முகப்போடு நின்றுபோனது. பழைய வீடு தெருப்பக்கத்திலிருந்து சாவதில்லை. மாடியில் விழுந்த விரிசல் வழியே மழைநீர் இறங்குகிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை யார் கண்ணுக்கும் படாமல் உளுத்துப்போகிறது. வெளியே சுண்ணாம்புப் பூச்சு அழகாகவே இருக்கும். இன்னொன்று, பாதிப் பணம் புரட்ட முடியாதவர் இதில் சேரவே முடியாது. சட்டக் காவலும் அங்கே வலுவாக இல்லை. 1990களின் நடுவில் மரபுக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்ட ஏறத்தாழ 1,800 கட்டடங்களில் பல நூறு பின்னர் இல்லாமல் போயின. அரசுக்கே சொந்தமான பழைய நகர மன்றம், மேரி கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது.

இந்த அளவுகோலைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள நம் குருபரப்பள்ளிக்குக் கொண்டுவருவோம். கிருஷ்ணகிரி கோட்டையும் ராயக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன. கல்தூண் திண்ணை வைத்த ஓட்டு வீட்டுக்கு யார் காவல்? தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நெடுஞ்சாலையும் சிப்காட்டும் இங்கே மனை விலையை ஏற்றிவிட்டன. எந்தப் பஞ்சாயத்து மானியமும் அந்த விலையோடு போட்டி போட முடியாது. மும்பையோ 1995 விதிகளின் வழியே, மரபுக் கட்டட உரிமையாளருக்கு, கட்ட முடியாமல் போன தளப்பரப்பை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் உரிமையைக் கொடுத்தது. அடுக்குமாடி நெருக்கம் இல்லாத கிராமத்தில் அந்த உரிமையை வாங்க ஆள் கிடைக்காது. ஆக, விற்க முடிவு செய்தவரை மானியம் தடுக்காது. குடியிருக்கவே விரும்பி, ஒழுகும் கூரையால் வெளியேறுகிறவரைத் தடுக்கும். அவருக்கும் ஒரு சிக்கல் உண்டு: கூட்டுப் பட்டா. பாகம் பிரிக்காத வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று விதித்தால், ஒரு ஓடுகூட மாறாது. குடியிருக்கும் பங்காளிக்கே பழுதுபார்ப்புப் பணம் என்பது சரி.

வீட்டு வரிச் சலுகை போதும் என்பாரும் உண்டு. ஓட்டு வீட்டுக்கு வரும் வரி சொற்பம். அதைத் தள்ளுபடி செய்து ஒரு உத்திரத்தையும் மாற்ற முடியாது. பணத்துக்கு வழி வேறு இருக்கிறது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பதையும் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கிறது. அந்தச் செலவு செய்யக் கடமைப்பட்ட ஆலைகள் இந்தச் சாலையோரத்திலேயே இருக்கின்றன.

என் தீர்ப்பு இது. மானியம் வேண்டும், முதலில் கூரைக்கு, பிறகு சுவருக்கு, கடைசியில் முகப்புக்கு. வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுக்க வேண்டும். இல்லாதவரிடம் கால் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அவர் தரும் உழைப்பையும் பங்காக எண்ண வேண்டும். பத்தாண்டுக்குள் இடித்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். எந்தெந்த வீடு என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும். நிதியை மாவட்ட ஆட்சியர் திரட்டட்டும். இந்த நிபந்தனைகள் இல்லாமல் முகப்புக்கு மட்டும் கொடுக்கும் மானியத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.